சின்ன கேட்டின் அளவு

அளவெடுக்கப் போன காலையில் அந்த வீட்டின் முன்னால் இருந்தவர்கள்:

மூய் சே. வீட்டுக்காரி. அக்கா என்ற பொருளில் ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடும். மெங்லெம்பு காலைச் சந்தையில் சீ சோங் ஃபன் விற்பவள். அரிசிமாவைத் தாள்தாளாக ஆவியில் வேகவைத்து, சுருட்டி வெட்டி, காளான் குழம்பு ஊற்றித் தருவாள்.

சுக் யீ. அவள் மகள். ஜொகூரிலிருந்து முந்தின நாள் பஸ்ஸில் வந்தவள்.

தௌக்கே சோங். கேட் பட்டறை முதலாளி.

ஷொஹாக். பங்களாதேஷ்காரன். எங்கள் பட்டறையில் கிரைண்டர் பிடிப்பவன்.

நான். வெல்டிங். கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தவன்.

சிக்கு ஹஷிம். எதிர்வீடு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தன் கேட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டிருந்தார்.

வெங் ஹோங். மூய் சேயின் மகன். தெருக்கோடியில் பெரிய சாக்கடைப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

கேட் இல்லை. இரண்டு தூண்கள் மட்டும் நின்றன. தூண்களில் பழைய கீல்களின் அடிப்பாதி துருத்திக்கொண்டிருந்தது.

யார் எடுத்தது என்று தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. மூய் சே சந்தையில் இருந்த நேரத்தில், நல்ல வெளிச்சத்தில், வெங் ஹோங் இரண்டு பேரோடு ஒரு சின்ன லோரியில் வந்தான். ஜாக்கி வைத்துத் தூக்கி, கேட்டைக் கீல்களிலிருந்து உருவி எடுத்தான். சீனப் பெருநாளுக்குச் சாயம் அடிக்கக் கொண்டுபோவதாகச் சொன்னான். சிக்கு ஹஷிம் நம்பி, வெளியே வந்து, ஒரு முனையைப் பிடித்து லோரியில் ஏற்றிவிட்டார். கவனமாகப் போ என்றும் சொல்லியனுப்பினார். கேட் அன்று மாலையே பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அதிலிருந்து அவர் மூய் சேயின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

கேட்டைக் கழற்றுவதில் வெங் ஹோங்குக்குச் சிரமம் எதுவும் இல்லை. எங்கள் பட்டறையில் தொழில் கற்றவன். எனக்கு முன்னாலிருந்தே அங்கே இருந்தவன், வயதில் என்னைவிடச் சின்னவன். அவன் வெல்டிங் வைத்தால் மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். எனக்கு அப்படி இன்றைக்கும் வராது. பிறகு பாலத்துக்கு அந்தப் பக்கம் விற்கிற போதைப்பொடியைக் கண்ணாடிக் குழாயில் வைத்துப் புகைக்கப் பழகினான். முதலில் பட்டறையின் செம்புக் கம்பிகள் காணாமல் போயின. அடுத்து கிரைண்டர். தௌக்கே அவனைப் போகச் சொன்னார். வீட்டில் கேஸ் சிலிண்டர், தண்ணீர் மீட்டர், அப்பா படத்துக்கு முன்னாலிருந்த பித்தளைச் சாம்பிராணிக் கிண்ணம். அப்புறம் கேட்.

சுக் யீ கைப்பேசியில் நிறைய படங்கள் எடுத்து வைத்திருந்தாள்.

"தௌக்கே, இத மாதிரி வேணும். பக்கவாட்டுல ஓடுற கேட்டு."

"ஓடுறதுக்கு எடம் எங்கம்மா? பக்கச் சுவரு முட்டும்," என்றார் சோங். "ரெண்டு கதவு, உள்ள தொறக்கிற மாதிரி. வெளிய தொறந்தா முனிசிபல்காரன் வந்துருவான்."

"சரி. ஆனா மோட்டார் வைங்க. ரிமோட் அம்மாகிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. வேற யாருக்கும் கெடையாது."

"கரண்டு போனா?" என்றாள் மூய் சே.

"பேட்டரி இருக்கு மா."

"பேட்டரி போனா?"

"கேட்டே போயிருச்சி, நீ பேட்டரியப் பத்திப் பேசுற."

ஷொஹாக் சிரித்தான். தௌக்கே அவனை ஒரு பார்வை பார்த்ததும் குனிந்து பழைய கீலை அறுக்க ஆரம்பித்தான்.

"அப்புறம் கீழயிருந்து மேல வரைக்கும் தகடு அடிச்சிருங்க," என்றாள் சுக் யீ. "வெளிய நிக்கிறவனுக்கு உள்ள ஒண்ணும் தெரியக்கூடாது."

"தகடு வேணாம். கம்பி போதும்," என்றாள் அம்மா.

"ஏன்?"

"ஆவி போகணும். விடியக்காலைல அடுப்பு வைக்கிற எடம் இது. தகடு அடிச்சா நான் மாவோட சேந்து வெந்துருவேன்."

அது உண்மைதான். கார் நிறுத்தும் இடத்தில்தான் அவளுடைய ஆவிப்பெட்டி இருந்தது. கூரையின் அடிப்பக்கம் பூராவும் ஈரம் ஊறிக் கறுத்திருந்தது. ஆனால் கம்பிகளுக்கு இடையில் பார்த்தால் பாலம் தெரியும் என்பதும் உண்மை. நாங்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நான் இப்பவே சொல்லிட்டேன் மா," என்றாள் சுக் யீ. குரலை உயர்த்தவில்லை. "கேட்டு மாட்டினதுக்கு அப்புறம் அவன் உள்ள வந்தான்னு சிக்கு ஒரு வார்த்த எனக்குப் போன் பண்ணாக்கூட, வீட்டப் பூட்டிட்டு உன்னை ஜொகூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். சந்தையும் வேணாம், அடுப்பும் வேணாம்."

"அங்க போயி நான் என்னா பண்றது? லிஃப்டுல ஏறி எறங்கறதா?"

"உசுரோட இருக்கலாம்ல."

சிக்கு ஹஷிம் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

சற்று நேரம் கழித்து மூய் சே, "சோங், பக்கத்துல ஒரு சின்ன கேட்டு வையி," என்றாள். "குப்பத்தொட்டி தள்ள."

"குப்பத்தொட்டிக்கா, அவனுக்கா?" என்றாள் மகள்.

மூய் சே தூணில் ஒட்டியிருந்த பழைய சிவப்புத் தாளை நகத்தால் சுரண்டினாள்.

தௌக்கே டேப்பை எடுத்தார். சாதாரண டேப் இல்லை அது. மேல்வரியில் அங்குலம், கீழ்வரியில் சீன எழுத்தில் சிவப்பும் கறுப்புமாகக் கட்டங்கள். கதவோ கேட்டோ, தூணுக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள வழி சிவப்பில் விழவேண்டும். செல்வம், பதவி, பிள்ளை என்று சிவப்புக் கட்டத்துக்கு ஒரு வார்த்தை இருக்கும். கறுப்பில் விழுந்தால் தூணில் பூச்சு ஏற்றியோ செதுக்கியோ சிவப்புக்குக் கொண்டுவந்த பிறகுதான் வேலையே தொடங்கும். சோங்கின் அப்பா காலத்திலிருந்து இதுதான் முறை. நான் வந்த புதிதில் சிரித்தேன். பிறகு சிரிப்பதில்லை. சம்பளம் தருகிறவரின் டேப்.

பெரிய வழி செல்வத்தில் விழுந்தது. சின்ன கேட்டுக்கு மோட்டார் சைக்கிள் நுழைகிற அகலம் விட்டு, சுவரில் பென்சிலால் கோடு போட்டார். டேப்பைப் படித்து, எப்போதும் வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்வதுபோல் உரக்கச் சொல்லிவிட்டார்.

"நல்லா விழுந்திருக்கு மூய் சே. மகன் சேருவான்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. டேப்பை விட்டார். அது சர்ரென்று சுருண்டு உள்ளே போன சத்தம் பெரிதாகக் கேட்டது.

*

பெருநாளுக்கு முந்தைய மாதம் பட்டறைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கேட் துருப்பிடித்தது கண்ணில் படும். பகலில் வெயில், மாலையானால் கிளெடாங் மலையிலிருந்து மழை இறங்கும். தகரக் கூரையில் மழை விழுந்தால் கிரைண்டர் சத்தமே கேட்காது. அப்படி ஒரு மழையில் மூய் சே தன் மோட்டார் சைக்கிளில் வந்தாள். மழைக்கோட்டின் உள்ளிருந்து எங்கள் மூவருக்கும் பொட்டலங்களை எடுத்து மேசையில் வைத்தாள். சந்தையில் மிஞ்சியதில்லை, புதிதாக அவித்தது. இன்னும் சூடாக இருந்தது.

"அந்த டேப்ப எடு சோங்."

"என்னாத்துக்கு? அளவெல்லாம் எடுத்தாச்சே."

"எடு. கறுப்புல என்னென்ன எழுதியிருக்கு, படி."

"அதப் போயி யாராச்சும் கேப்பாங்களா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. தெரிஞ்சா உன்கிட்ட ஏன் வரேன்?"

தௌக்கே டேப்பை மேசைமேல் நீட்டினார். "நோய். பிரிவு. கொள்ளை. கேடு. போதுமா?"

"பிரிவுன்னா? சாவறதா?"

"இல்ல இல்ல. சாவுல சேராது அது. வீட்ட விட்டு, ஊர விட்டுப் போறது."

"போறது மட்டுந்தானே?"

"போறது மட்டுந்தான்."

"எங்க இருக்கு?"

அவர் விரலை வைத்துக் காட்டினார். மகன் சேருவான் என்ற சிவப்புக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு விரற்கடை குறைந்தால் அது.

"சின்ன கேட்ட இதுல வையி," என்றாள் மூய் சே.

தௌக்கே டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "மூய் சே, எங்கப்பா தொடங்குன பட்டற இது. இங்கயிருந்து ஒரு கேட்டு கறுப்புல போனதில்ல. கோழிக்கூட்டுக் கதவுகூடப் போனதில்ல."

"உங்கப்பா வந்து அளந்ததுதான் அந்தப் பழைய கேட்டு. சிவப்பு. என் வீட்டுக்காரரு ரெண்டு வாட்டி சரிபாத்தாரு. அந்தக் கேட்டுக்குள்ள லோரிய நிறுத்திட்டு எறங்கும்போதுதான் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தாரு. அந்தக் கேட்டுக்குள்ளதான் இவன் வளந்தான். அந்தக் கேட்டையே தூக்கிட்டும் போனான். சிவப்பு என்னா பண்ணிச்சி, சொல்லு."

"சிவப்பு இல்லன்னா இதவிட மோசமாப் போயிருக்கும்."

"இதவிடவா?" அவள் சிரித்தாள். "அது என்னான்னு எனக்குச் சொல்லு, நானும் தெரிஞ்சிக்கிறேன்."

ஷொஹாக் கிரைண்டரை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றான். அவனுக்குக் கான்டனீஸ் முழுக்கப் புரியாது, ஆனால் முகம் புரியும்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் வாங்குறான்," என்றாள் மூய் சே. "இந்தப் பக்கம் உக்காந்து புகைக்கிறான். ஒண்ணும் இல்லன்னா என்கிட்ட வர்றான். மூணும் ஒரே தெருவுல இருக்கு சோங். அவன் எதுக்கு வேற எடத்துக்குப் போவான்? போன வாரம் பாலத்தடியில ஒருத்தன் செத்துக் கெடந்தான். கூட்டத்துக்குப் பின்னால நின்னு செருப்பத்தான் பாத்தேன், ஹோங்கோடதான்னு. அவனோடது இல்ல. எனக்கு என்னா தோணிச்சு தெரியுமா? இன்னைக்கு இல்லன்னு தோணிச்சு. இங்க இருந்தா சாவான். எங்கயாச்சும் போனா ஒருவேள சாவமாட்டான். போடான்னு சொல்லணும். நானும் எத்தன வாட்டி வாயத் தொறந்து பாத்துட்டேன். சாப்டியான்னுதான் வருது."

தௌக்கே பொட்டலத்தைப் பிரித்து, சாப்பிடாமல் திரும்ப மடித்தார்.

"அளவுக்கு ஆளு தெரியாது மூய் சே. அந்த வழியா யாரு நடந்தாலும் அது வேல செய்யும். நீங்க நடந்தாலும்."

"நான் நடக்க மாட்டேன். சுக் யீ நடக்க மாட்டா. குப்பையும் பெரிய கேட்டு வழியாத்தான் போவும். அவன் ஒருத்தன். ஒருவாட்டி. அப்புறம் பூட்டு."

"மாட்டேன். என்னைக் கேக்காதீங்க."

அவள் வற்புறுத்தவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, "ஆறறதுக்குள்ள தின்னுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். மழை விடவில்லை.

தௌக்கே வெகுநேரம் மேசையில் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் வந்தார். நான் சின்ன கேட்டின் சட்டத்தைச் சதுரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மணியம், கேட்டு சிவப்பு அளவுதான். மாத்தாத."

"சரி தௌக்கே."

"தூணுக்கு நடுவுல மாட்டாம, தூணுக்குப் பின்பக்கமா மூடுற மாதிரி மாட்டு. கொஞ்சம் அகலம் கூட வச்சிக்க."

"எதுக்கு?"

"பின்னால மாட்டினா தூணுக்கு நடுவுல வழி கொஞ்சம் கொறஞ்சாலும் கேட்டுக்குத் தெரியாது." அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தரையில் கிடந்த இரும்புத் துகள்களைக் காலால் ஒதுக்கிக்கொண்டே சொன்னார்.

*

மாட்டுகிற அன்று சுக் யீ இல்லை, விடுமுறை முடிந்து போய்விட்டாள். மூய் சே சந்தைக்குப் போகவில்லை. அவள் சந்தைக்குப் போகாத நாளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. காலையிலேயே ஆவிப்பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

பெரிய கேட் இரண்டு கதவும் ஏறியது. தரை சாலைப்பக்கம் சரிந்திருந்ததால் நீர்மட்டம் பார்த்து ஒரு கதவைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டவேண்டியிருந்தது. மோட்டார் கைகளைப் பொருத்தி, தௌக்கே ரிமோட்டை அமுக்கினார். கதவுகள் முனகிக்கொண்டே திறந்தன. மூய் சே ரிமோட்டை வாங்கி, ஒருமுறைகூட அமுக்காமல், சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

சின்ன கேட்டுக்குக் கோடு போட்ட இடத்தில் சுவரை இடித்துத் தூண் எழுப்பியிருந்தார்கள். கேட்டைத் தூணின் பின்பக்கம் நிறுத்தி, கீல் வைத்து, நான் புள்ளிவெல்டிங் போட்டேன். தௌக்கே டேப்பை எடுத்து வழியை அளந்தார். மகன் சேருவான். இந்த முறை உரக்கப் படிக்காமல் டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகினார்.

"நான் போயி தண்ணி குடிச்சிட்டு வரேன்," என்றார். "ஷொஹாக், நீயும் வா. மணியம், லோரியில ஒரு கம்பி மிச்சம் கெடக்கு. வீணாக்காத."

தெருமுனைக் காபிக்கடையை நோக்கி அவர்கள் நடந்தார்கள். ஷொஹாக் திரும்பித் திரும்பிப் பார்த்தான். தௌக்கே பார்க்கவில்லை.

லோரியில் ஒரு சதுரக் குழாய்க் கம்பி கிடந்தது. தூணின் உயரத்துக்கு ஏற்கெனவே அறுத்து, முனை மூடி, அடிச்சாயமும் பூசியிருந்தது. எப்போது செய்தார் என்று தெரியவில்லை. தூணின் உள்பக்கத்தில், ஏற்கெனவே பதிந்திருந்த இரும்புப் பட்டைமேல் அதை நிறுத்தி மேலிருந்து கீழாக வெல்டிங் வைத்தேன். வழி ஒரு விரற்கடைக்குமேல் குறுகியது. அளந்து பார்க்க என்னிடம் டேப் இல்லை. தேவையும் இல்லை.

முகமூடியைத் தூக்கியபோது வெங் ஹோங் பெரிய கேட்டின் வாயில் நின்றிருந்தான். வெல்டிங் சத்தம் கேட்டு வந்தானா, அம்மா ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தாளா, எனக்குத் தெரியாது. கன்னம் ஒட்டி, சட்டை யாருடையதோ மாதிரி தொங்கியது.

"சாப்டியா?" என்றாள் மூய் சே.

"இல்ல."

"குளிச்சிட்டு வா."

அவன் உள்ளே போனான். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. தலையைத் துவட்டாமல் வந்து, கவிழ்த்துவைத்த வாளிமேல் உட்கார்ந்தான். அவள் தட்டில் சுருள்களை வெட்டிப்போட்டு, குழம்பு ஊற்றி, பச்சை மிளகாய் ஊறுகாய் வைத்துக் கொடுத்தாள். அவன் தின்னத் தின்ன அடுத்த தாளைச் சுருட்டினாள். எனக்கும் ஒரு தட்டு வந்தது.

"அண்ணே," என்றான் வாய் நிறைய. "என்னா வெல்டிங் இது? கோழி கிண்டுன மாதிரி இருக்கு."

"நீ வந்து வையேன்."

அவன் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டிக் காட்டினான். கை நடுங்கியது. "கோழி பரவால்ல," என்றான்.

பிறகு அவன் கண் தூணோடு ஒட்டிய அந்தக் கம்பியில் நின்றது. தட்டோடு எழுந்து வந்தான்.

"இது எதுக்கு? அலங்காரமா?"

அவன் தட்டைத் தூண்மேல் வைத்துவிட்டு, கையை விரித்து, சாண் சாணாக வழியை அளந்தான். மறுபடி அளந்தான்.

"தௌக்கே சின்ன கேட்ட எப்பவும் 'மகன் சேருவான்'லதான் வைப்பாரு. இந்தக் கம்பி வந்தா அதுல இருந்து எறங்கி கறுப்புக்குப் போயிருமே. ஒன்னைத் திட்டப்போறாரு அண்ணே."

"நான்தான் கேட்டேன்," என்றாள் மூய் சே. ஆவிப்பெட்டியை மூடிவிட்டு நின்றிருந்தாள். அவள் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி.

அவன் அம்மாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எந்தக் கட்டம் என்று அவனுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த டேப்பை அவன் எத்தனை வீட்டில் பிடித்திருப்பான்.

"எனக்கா?"

"உனக்கு மட்டும்."

வெங் ஹோங் தட்டை எடுத்து, நின்றபடியே மிச்சத்தைத் தின்றான். குழம்பையும் வழித்துக் குடித்தான். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்தான். மூய் சே உள்ளே போய் ஒரு தோள்பையைக் கொண்டுவந்தாள். துணி அடுக்கித் தயாராகத்தான் இருந்தது. சாப்பாட்டுப் பொட்டலம் மேலே இருந்தது.

"ஜொகூருக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிராத," என்றாள்.

"போவல."

"எங்க போவ?" என்று நான் கேட்டேன்.

"பஸ் ஸ்டேஷன்ல எது நிக்கிதோ அது." பையை வாங்கித் தோளில் போட்டவன், கீல்களைப் பார்த்து நின்றான். "கீலுக்கு மேல தடுப்பு வைக்கலியா?"

"இனிமேத்தான்."

"இப்ப வையி. நான் இருக்கும்போதே வையி."

"வைப்பேன் ஹோங். நீ கெளம்பு."

"பெரிய கேட்டுக்கும் வையி. தடுப்பு இல்லன்னா ஜாக்கிய வச்சி ஒரு தூக்கு, வந்துரும். நான் வந்து எடுத்துருவேன் அண்ணே. ராத்திரி இந்த நெனப்பே இருக்காது எனக்கு. நல்ல கேட்டு, கடையில நல்ல எட நிக்கும்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் வாஷர்களை எடுத்து ஒவ்வொரு கீலின் தலையிலும் வைத்து வெல்டிங் போட்டேன். பெரிய கேட், பிறகு சின்ன கேட். ஒவ்வொரு பொறி எழும்போதும் அவன் பழக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். அணைந்ததும் குனிந்து பார்த்தான். ஒன்றில் மட்டும், "இங்க பிடிக்கல, இன்னொரு தடவ," என்றான். இன்னொரு தடவை வைத்தேன்.

மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் சிக்கு ஹஷிம் நின்றிருந்தார். கைப்பேசி எதுவும் அவர் கையில் இல்லை.

வெங் ஹோங் திறந்து கிடந்த பெரிய கேட்டை நோக்கி நடந்தான். பிறந்ததிலிருந்து போய்வந்த வழி.

"அது இல்ல," என்றாள் மூய் சே. "இப்படி."

அவன் நின்று, திரும்பி, சின்ன கேட்டுக்கு வந்தான். அவள் அதைத் திறந்து பிடித்திருந்தாள். அருகில் வந்தபோது அவள் வாய் திறந்தது. சாப்டியா என்று கேட்க இனி வழியில்லை. மூடிக்கொண்டாள். அவன் பை புதுக் கம்பியில் உரசி, அடிச்சாயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. வெளியே போய் இரண்டடி நடந்து நின்றான். திரும்பவில்லை.

"பூட்டு மா," என்றான்.

மூய் சே கேட்டைச் சாத்தினாள். கீல் இன்னும் சூடாகத்தான் இருந்திருக்கும். அவள் கையை எடுக்கவில்லை. தாழ்ப்பாளைத் தள்ளி, பூட்டைக் கொண்டியில் நுழைத்து, அமுக்கினாள். அது விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவன் நடந்தான்.